பாட்டிக்குக் கொடுக்கிற பழைய டேப் யார் பேரில் இருக்கிறது?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



கடன் தவணை, தணிக்கை, சந்தா பாக்கி எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போது நான் பேசப் போறது கணக்குப் புத்தகத்தில் வராத விஷயம். ஆனாலும் ஒரு விதத்தில் கணக்குதான். போன மாசம் நான் போன குழுக்களில் மூன்று இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. “மேடம், எங்க வீட்டுக்காரர் பெங்களூர்ல இருந்து பழைய டேப் ஒண்ணு கொண்டு வந்தார். எங்க அத்தைக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். அதுல என்னென்ன போட்டுக் கொடுக்கறது?”

நம்ம தருமபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது பெங்களூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருக்காங்க. வயசான அம்மா அப்பா ஊரில் இருக்காங்க. 2020, 2021 வருஷங்களில் கொரோனாவால பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, ஆன்லைன் வகுப்புக்காக நகையை அடகு வைத்தும், குழுவில் உள்கடன் எடுத்தும் போனும் டேப்பும் வாங்கினவங்க நிறைய பேர். வாங்கின பிள்ளைங்க வளர்ந்து கல்லூரிக்கும் கம்பெனிக்கும் போயிட்டாங்க. அவங்க கைக்குப் புது போன் வந்தாச்சு. பழைய டேப் அலமாரியில தூங்குது. அதை எடுத்து, “இந்தாங்க பாட்டி, வச்சுக்கோங்க”ன்னு கொடுக்கிறோம். நல்ல காரியம். போனில் முகம் கட்டை விரல் அளவுக்குத் தெரியும், டேப்பில் அகலமாத் தெரியும். புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அதுதான் வசதி.

ஆனால் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்க குழு ஆரம்பித்தபோது, சேமிப்புப் புத்தகம் வீட்டுக்காரர் பேரில் இருக்கட்டும், கையெழுத்தையும் அவரே போடட்டும், நீங்க சும்மா பணம் மட்டும் கட்டுங்கன்னு யாராவது சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா? மாட்டீங்க. உங்க பேர், உங்க கையெழுத்து, உங்களுக்குப் புரிந்த கணக்கு. இதுக்காகத்தானே இத்தனை வருஷம் வாராவாரம் உட்கார்ந்தோம். அப்படின்னா அத்தை கையில் கொடுக்கிற டேப்புக்குள்ள யார் பேரில் கணக்கு இருக்கு? பேரன் பேரில். பூட்டு யாருக்குத் தெரியும்? பேத்திக்கு. உள்ள என்ன இருக்குன்னு அத்தைக்குத் தெரியுமா? தெரியாது. இப்படிக் கொடுத்தா அது அவங்க பொருள் ஆகாது.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்றேன், பேர் வேண்டாம். எழுபதைத் தாண்டின அம்மா. மகன் ஓசூர் பக்கம் ஜேசிபி ஓட்டுறார். பேத்தி வகுப்புக்கு வாங்கின டேப்பை ஒரு செல்போன் கடையில் கொடுத்து, “எங்க அம்மாவுக்கு ரெடி பண்ணுப்பா”ன்னு சொல்லி வாங்கி வந்திருக்கார். கடையில் சிம் போட்டு, வாட்ஸ்அப் போட்டு, பக்திப் பாட்டு ஏத்திக் கொடுத்திருக்காங்க. நான் போனபோது அந்த டேப் டிவி மேல, பூப்போட்ட துணி போர்த்தி, சாமி படம் மாதிரி இருந்தது. நாலு மாசமா யாரும் தொடலை.

“ஏன்மா, பார்க்கறதில்லையா?”ன்னு கேட்டேன்.

“அது எம்பேத்தியோடது கண்ணு. தொட்டா காலைல நாலரைக்கு மணி அடிக்குது. இங்கிலீஷ்ல என்னமோ கேட்குது. நான் எதையாச்சும் அமுக்கி, அவ படிப்புக்கு ஒண்ணு ஆயிட்டா?”ன்னாங்க.

பேத்தி பரிட்சைக்குப் படிக்க வைத்த அலாரம் அப்படியே இருக்கு. பேத்தியோட கூகுள் கணக்கு அப்படியே இருக்கு. பேத்தி பார்த்த யூடியூப் படங்கள்தான் பாட்டிக்கு வருது. (அந்த வயசுப் பிள்ளைங்க என்ன பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். பேத்திக்கும் இது தெரிந்தால் சந்தோஷமா இருக்காது.) பாட்டு என்னாச்சுன்னு கேட்டால், அந்தம்மாவுக்குப் பக்திப் பாட்டில் பெரிய இஷ்டமே இல்லை. அவங்களுக்கு வேண்டியது கூத்து. விடிய விடிய நடக்கிற பாரதக் கூத்து. இடுப்பு வலியால இப்ப கோயில் திடல்ல உட்கார முடியறதில்லை. இதை நாலு மாசமா யாரும் கேட்கலை.

அதனால முதல் வேலை அத்தையைக் கேட்கிறதுதான். யாரைப் பார்க்கணும், என்ன கேட்கணும், என்ன வேண்டாம்? “எனக்கு இது எதுவும் வேண்டாம்மா”ன்னு சொன்னா அதுவும் ஒரு பதில்தான். கட்டாயப்படுத்த இது சொட்டு மருந்து இல்லை.

வேணும்னு சொன்னாங்கன்னா, முதல்ல டேப்பைத் தட்டையான தரையில் வைத்துப் பாருங்க. பின்பக்கம் புடைத்து ஆடுதா, கண்ணாடி ஓரத்துல தூக்கிக்கிட்டு நிக்குதா? அப்படின்னா உள்ளே பேட்டரி வீங்கியிருக்கு. நாலைஞ்சு வருஷமா அலமாரியில் கிடந்ததுக்கு இது சகஜம். அந்த டேப்பை சார்ஜில் போடக்கூடாது, குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது. தீப்பிடிக்கும். கடையில் கொடுத்து பேட்டரி மாற்றலாம். மாற்றுகிற செலவு அதிகம்னா ஆசையை விட்டுடுங்க. நல்லா இருக்கிற டேப்பையும் ராத்திரி பூரா பாய் மேல, தலையணைக்கு அடியில வைத்து சார்ஜ் ஏத்த வேண்டாம். பகல்ல, கண் பார்வையில ஏத்துங்க.

அடுத்து, செட்டிங்ஸ் உள்ளே போய்க் கடைசியில் ‘டேப்லெட் பற்றி’ன்னு இருக்கிற இடத்தில் ஆண்ட்ராய்டு என்ன எண்ணுன்னு பாருங்க. 4-ல் ஆரம்பித்தால் அதில் வாட்ஸ்அப் ஓடாது. எண் பெரிசா இருக்க இருக்க நல்லது. அதே மாதிரி 3ஜி மட்டும் எடுக்கிற பழைய டேப்பில் சிம் போட்டுப் பிரயோசனம் இல்லை. ஜியோ, ஏர்டெல் இரண்டிலுமே 3ஜி கிடையாது. 4ஜி இருக்கான்னு கேட்டுக்கோங்க. சிம் போட இடமே இல்லாத டேப்பும் உண்டு. வைஃபை இல்லாத வீட்டில் அது, மகன் ஊருக்கு வந்து தன் போனில் இருந்து நெட் கொடுக்கிற அன்னைக்கு மட்டும்தான் பேசும். அதில் கூத்தும் பாட்டும் இறக்கி வைத்துக் கொடுக்கலாம், அதோட சரி. சில டியூஷன் கம்பெனிகள் பாடத்தோடு சேர்த்துக் கொடுத்த டேப், அந்தக் கம்பெனியின் பூட்டோட வரும். வேற எதையும் போட விடாது. அதோட மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீங்க.

டேப் நல்லா இருக்குன்னா, அதை முழுசா அழித்துவிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, கொஞ்சம் கவனமாக் கேளுங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி பழைய சொந்தக்காரர் அவர் கையாலேயே மூணு வேலை செய்யணும். உள்ளே இருக்கிற போட்டோக்களை வேற இடத்துக்கு மாற்றணும். கொரோனா காலத்துக் கல்யாணம், சீர், செத்துப்போன தாத்தா படம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். அழிந்தா திரும்ப வராது. அடுத்து, ஜிபே, போன்பே, வாட்ஸ்அப் எல்லாவற்றில் இருந்தும் வெளியே வரணும். மூணாவது, செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ என்கிற இடத்தில் அவரோட கூகுள் கணக்கை நீக்கணும். இதுக்கு அப்புறம்தான் ‘ஃபேக்டரி ரீசெட்’.

கணக்கை நீக்காம, பக்கத்துப் பட்டனை அமுக்கிப் பிடித்து அழித்தீங்கன்னா, திரும்ப ஆன் ஆகும்போது பழைய ஜிமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுக்காவிட்டால் ஒரு அடி நகராது. திருட்டுப் போன டேப்பை யாரும் அழித்துவிட்டு விற்கக்கூடாதுன்னு வைத்த பூட்டு அது. நல்ல பூட்டுதான். ஆனால் நாலு வருஷம் முன்னாடி போட்ட பாஸ்வேர்டு பேத்திக்கே ஞாபகம் இருக்காது. அதனால டேப் பெங்களூரில் இருக்கும்போதே, கொடுத்து விடுறதுக்கு முன்னாடியே, இதையெல்லாம் செய்யச் சொல்லிப் போன் பண்ணுங்க.

அழித்து ஆன் ஆனதும் புதுசா ஒரு கூகுள் கணக்கு கேட்கும். “சும்மா என் ஜிமெயிலையே போட்டுடலாம்மா”ன்னு மகன் சொல்லுவார். வேண்டாம். அவர் போனில் எடுக்கிற போட்டோவும், அவர் போனில் இருக்கிற நானூறு நம்பரும் அத்தை டேப்பில் வந்து நிற்கும். அத்தை தெரியாம ஒரு நம்பரை அழித்தா அவர் போனிலும் அழியும். அத்தை பேரில் தனிக் கணக்கு ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு, பாஸ்புக் வைக்கிற டிரங்குப் பெட்டியிலேயே வைக்கணும். படிக்கத் தெரியாதவங்கன்னா, அந்த நோட்டை யார் பார்க்கலாம்னு அவங்களே ஒரு ஆளைச் சொல்லட்டும். அது மருமகளா இருக்கலாம், கட்டிக் கொடுத்த மகளா இருக்கலாம். மருமகள் கோவிச்சுக்கக் கூடாது!

பூட்டு விஷயம். விரல் ரேகைப் பூட்டு பெரியவங்களுக்குச் சரிப்படாது. ரேஷன் கடையில் ரேகை விழாம அவங்க எத்தனை தடவை துடைத்துத் துடைத்து வைக்கிறாங்கன்னு பார்த்திருக்கீங்க. களை எடுத்து, சாணி தட்டி, கல் சுமந்து தேய்ந்துபோன விரல். நம்பர் பூட்டும் சிலருக்கு மறந்து போகும். அதுக்கு ஒரு நல்ல வழி, கோடு இழுக்கிற பூட்டு. ஒன்பது புள்ளி இருக்கும், புள்ளியை இணைத்துக் கோடு போடணும். ஐம்பது அறுபது வருஷமா வாசலில் புள்ளிக் கோலம் போட்டவங்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. நான் சொன்ன அந்தம்மா என் முகத்தைத் திருப்பிக்கச் சொல்லிட்டு, தானே ஒரு கோடு இழுத்து வைத்தாங்க. “இது எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?”ன்னு கேட்டாங்க. போதும்மான்னு சொன்னேன். டேப் அவங்க கைக்கு வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

சரி, உள்ளே என்ன வைக்கிறது? முகப்பில் நாலே நாலு படம் போதும். மிச்சத்தை எல்லாம் முன்பக்கத்தில் இருந்து எடுத்துடுங்க. வாட்ஸ்அப்பில் மகனோட பக்கத்தைத் திறந்து, மேலே மூணு புள்ளியைத் தொட்டால், அவர் படத்தை மட்டும் தனியா முகப்பில் வைக்கிற வசதி இருக்கு. மகன் முகம், மகள் முகம், அக்கா முகம், நாலாவது யூடியூப். எழுத்துத் தெரியாதவங்களும் முகத்தைத் தொட்டால் அந்த ஆளோட பக்கம் திறக்கும். அப்புறம் மேலே இருக்கிற கேமரா படத்தைத் தொட்டால் வீடியோ கால் போகும். மைக் படத்தை அமுக்கிப் பிடித்தால் பேசினது அப்படியே போகும். எழுதவே தேவையில்லை.

எழுத்து அளவைப் பெரிசாக்கணும், இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது மூணு இருக்கு. ஒண்ணு, திரை அரை நிமிஷத்தில் கறுத்துப் போகிறதை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்னு மாற்றணும். அவங்க கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள திரை கறுத்துப் போனா, தான்தான் எதையோ கெடுத்துட்டோம்னு பயந்துடறாங்க. இரண்டாவது, ‘அக்சஸிபிலிட்டி’ன்னு ஒரு இடம் இருக்கு. அதில் தொட்டுப் பிடிக்கிற நேரத்தைக் கூட்டி வைக்கலாம். கை நடுங்குகிறவங்க விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்னாலும் வேற ஏதோ திறக்காம இருக்கும். மூணாவது, அடியில் மூணு பட்டன் தெரிகிற மாதிரி வைக்கணும். இப்ப வர்ற டேப்பில் பட்டனே இல்லாம, ஓரத்தில் இருந்து தள்ளித் தள்ளி விடச் சொல்லுது. நமக்கே எரிச்சலா இருக்கு, பாட்டிக்கு எப்படி இருக்கும்? ‘எங்க போய் மாட்டிக்கிட்டாலும் நடு வட்டத்தைத் தொட்டா வீட்டுக்கு வந்துடலாம்’னு ஒரு வழி இருந்தாத்தான் தைரியம் வரும்.

விரலைப் பற்றி இன்னொண்ணு. காய்ந்துபோன, காய்ப்புக் காய்த்த விரலைத் திரை சில நேரம் கண்டுக்காது. “நான் தொட்டா வர மாட்டேங்குது, நீ தொட்டா வருது”ன்னு பெரியவங்க சொல்றது பொய் இல்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போது தொடச் சொல்லுங்க. நகத்தால் குத்தாம விரல் சதையால் தொடணும். டேப்பைக் கையில் பிடித்தே பேச வேண்டியதில்லை. சமையல் கட்டில் இருக்கிற தட்டு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டால் முகம் நேராத் தெரியும். இல்லாவிட்டால் பெங்களூரில் இருக்கிற மகனுக்கு ஓட்டு வளையும் பல்லியும்தான் தெரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பணம்.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் ஆயிரத்தில் இருந்து 1,200 ரூபாய் ஆனது. அந்தப் பணம் வருகிற வங்கிக் கணக்கோடு ஒரு போன் நம்பர் சேர்ந்திருக்கும். அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அந்த நம்பர் இப்ப யார் கையில் இருக்கு? முதல்ல அதை விசாரிங்க. சில வீட்டில் பேரன் நம்பரைக் கொடுத்திருப்பாங்க, சில வீட்டில் எப்பவோ ரீசார்ஜ் பண்ணாம விட்டுப்போன நம்பர். ரொம்ப நாள் ரீசார்ஜ் இல்லாத நம்பரைக் கம்பெனிக்காரங்க வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. வங்கிக்கு ஒரு நடை போய் சரி பண்ணிடுங்க.

வங்கி நம்பரை அத்தையோட பட்டன் போனிலேயே விட்டுடுங்க. டேப்பில் வேற சிம், அவங்க ஆதாரில், அவங்க பேரில் வாங்கினது. டேப்பில் வங்கி செயலி வேண்டாம், ஜிபே வேண்டாம், போன்பே வேண்டாம். காரணம் சொல்றேன். பழைய டேப்புக்குக் கம்பெனியில் இருந்து பாதுகாப்புக்கான புதுப்பிப்பு வர்றது எப்பவோ நின்னிருக்கும். ஓட்டைக் குடிசையில் உண்டியலை வைக்க மாட்டோம் இல்லையா? பேசறதுக்கும் பார்க்கிறதுக்கும் டேப், பணத்துக்குப் பட்டன் போன். இரண்டும் தனித்தனியா இருந்தால், டேப்பில் யாராவது எதையாவது அமுக்க வைத்தாலும் ஓடிபி அங்கே வராது.

“சிம்மைப் பட்டன் போனில் வைத்துக்கிட்டு, ஓடிபி மட்டும் வாங்கி டேப்பில் வாட்ஸ்அப் போட்டுக்கலாமே”ன்னு சில பேர் கேட்டீங்க. அப்படித்தான் செஞ்சுக்கிட்டிருந்தோம். 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, எந்த நம்பரில் வாட்ஸ்அப் இருக்கிறதோ அந்த சிம் அதே கருவிக்குள்ளே இருக்கணும்னு வாட்ஸ்அப் மாதிரி செயலிகளுக்கு உத்தரவு போட்டது. மோசடிக் கும்பலைத் தடுக்கத்தான். அதனால டேப்பில் தனி சிம் போட்டு அதிலேயே விட்டுவைக்கிறது தொந்தரவு இல்லாத வழி. மாசம் ஒரு ரீசார்ஜ் கூடுது, உண்மைதான். அதை டேப் கொடுத்த மகனையே கட்டச் சொல்லுங்க. டேப்பைக் கொடுத்துட்டு ரீசார்ஜ் கொடுக்காம இருக்கிறது, மாட்டைக் கொடுத்துத் தீவனம் கொடுக்காத மாதிரி.

வாட்ஸ்அப் உள்ளே ‘பிரைவசி’ என்கிற இடத்தில் தெரியாத நம்பரில் இருந்து வர்ற அழைப்பு மணி அடிக்காம வைக்கிற வசதி இருக்கு. அதை ஆன் பண்ணிடுங்க. குரூப்பில் யார் வேணும்னாலும் சேர்க்கலாம்னு இருக்கும். அதைத் தெரிந்தவங்க மட்டும்னு மாற்றுங்க. ‘டூ ஸ்டெப்’ன்னு ஆறு இலக்க எண் ஒண்ணு வைக்கலாம், அதையும் வைத்து நோட்டில் எழுதிடுங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரி, அரசாங்க உதவி மாதிரி, வண்டி அபராதம் மாதிரி ஒரு ஃபைல் வாட்ஸ்அப்பில் வரும். பேரோட கடைசியில் ‘ஏபிகே’ன்னு இருக்கும். அது பத்திரிகை இல்லை, டேப்புக்குள்ளே ஆளை இறக்குகிற செயலி. பத்திரிகை வைக்கிறவங்க வெற்றிலைப் பாக்கோட வீட்டுக்கு வருவாங்கன்னு பெரியவங்களுக்குச் சொல்லுங்க, சட்டுன்னு புரியும்.

இன்னொரு ஏமாற்று, போலீஸ் உடுப்பு போட்டுக்கிட்டு வீடியோ காலில் வர்றது. “உங்க ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், கேமரா முன்னாடியே உட்காருங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க”ன்னு மிரட்டுவாங்க. டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு சட்டத்திலேயே ஒண்ணு கிடையாது. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது பண்ணாது, பணமும் கேட்காது. தனியா இருக்கிற பெரியவங்களுக்கு இந்த மாதிரி கால் வந்தால் என்ன செய்யணும்? டேப்பைக் கவிழ்த்து வைத்துட்டு, வெளியே வந்து பக்கத்து வீட்டில் சொல்லணும். இதை ஒரு தடவை வாயால் சொன்னால் பத்தாது. நீங்களே போலீஸ் மாதிரி பேசி, ஒத்திகை பாருங்க. சிரிப்பு வரும், வரட்டும், மனசில் நிற்கும்.

எங்காவது பணம் போயிடுச்சுன்னா 1930 என்கிற எண்ணுக்கு உடனே போன் பண்ணணும். அங்கே விவரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வங்கிக்குத் தகவல் போகும். அடுத்த நாள் போகலாம், மகன் வந்ததும் போகலாம்னு தள்ளினால் பணம் கை மாறிக்கிட்டே இருக்கும். அத்தையைத் திட்டாதீங்க. திட்டுவாங்கன்னு பயந்தே பெரியவங்க பணம் போனதை இரண்டு மூணு நாள் மறைக்கிறாங்க. திருடனுக்கு அந்த இரண்டு நாள் போதும். பெரியவங்களுக்கு வேற தொல்லை, ஆதரவு தேவைன்னா 14567 என்கிற முதியோர் உதவி எண் இருக்கு. இந்த இரண்டு எண்ணையும் டேப் உறையின் பின்பக்கம் பெரிசா எழுதி ஒட்டிடுங்க.

கற்றுக் கொடுக்கிறதைப் பற்றி. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கிட்டாங்க. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். சைக்கிள் கற்றுக் கொடுக்கிறவங்க பின்னாடி கேரியரைப் பிடித்துக்கிட்டு ஓடுவாங்க, ஓட்டுறது யார்? மேலே உட்கார்ந்திருக்கிறவங்கதான். டேப்பில் நாம அப்படிச் செய்யறதில்லை. “கொடுங்க அத்தை, நான் பண்ணித் தர்றேன்”னு பிடுங்கிடறோம். நாலு நொடியில் காலைப் போட்டுக் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடறோம். அடுத்த தடவையும் அத்தை நம்மளையே கூப்பிடுவாங்க. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாயால் மட்டும் சொல்லுங்க. முதல் வாரம் மகன் முகத்தைத் தொட்டுப் பேசறது மட்டும். அது கைவந்த அப்புறம்தான் அடுத்தது. தப்பா ஏதாவது திறந்தால் திறக்கட்டும். வங்கியே உள்ளே இல்லையே, என்ன கெட்டுப் போகும்?

அந்தக் கூத்துப் பாட்டி இப்ப மைக்கில் பேசியே தேடறாங்க. “திரௌபதி கூத்து”ன்னு சொன்னால் வந்துடுது. ஒரே தொல்லை, ஒரு கூத்து முடிந்ததும் யூடியூப் தானாகவே அடுத்ததை ஓட்டி, அன்றைக்கு நெட்டையே முடித்துடுது. அந்த ‘ஆட்டோபிளே’யை நிறுத்தி வைத்தேன். அப்புறம் என்கிட்டயே வந்து, “யாரு நிறுத்தினது? எனக்கு ராத்திரி தூக்கம் வராது, ஓடட்டும்”னு சொல்லித் திரும்பப் போட வைத்தாங்க. அவங்க டேப், அவங்க நெட். போட்டுக் கொடுத்துட்டேன்.

அடுத்த மாதக் கூட்டம் முடிந்ததும் இரண்டு மணி நேரம் இதுக்குன்னே ஒதுக்கியிருக்கோம். வீட்டில் பழைய டேப் இருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வரலாம். பழைய சொந்தக்காரர் கணக்கை நீக்கிட்டு வரணும். ஒரு நோட்டு, பேனா, அத்தையோட பட்டன் போன் மூணும் வேணும். அத்தையோ பாட்டியோ கட்டாயம் கூட வரணும், டேப் மட்டும் வந்தால் நான் திறக்க மாட்டேன். வயசானவங்களை நடக்க வைக்க வேண்டாம், வண்டிக்குக் கூட்டமைப்பு நிதியில் இருந்து ஏற்பாடு பண்ணலாம்னு தலைவி அம்மா சொல்லியிருக்காங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க. டேப்பை வீட்டிலேயே சார்ஜ் ஏத்திக்கிட்டு வாங்க, இந்தக் கட்டடத்தில் பிளக் ஒண்ணே ஒண்ணுதான் வேலை செய்யுது.